விளக்குக் கம்பத்தின் நிழலில் பதின்மூன்று பேர்

சூரியனோடு நேரடிப் பகை வைத்துக்கொண்டு, அந்தப் பகையில் தினமும் ஜெயித்துக்கொண்டும் இருந்த ஒரே மனிதர் நிழல் அண்ணாச்சிதான். மற்றவர்கள் குடை பிடிப்பார்கள், தொப்பி போடுவார்கள், ஏசி அறைக்குள் ஒளிந்துகொள்வார்கள். அதெல்லாம் தோற்றுப்போனவர்கள் செய்கிற வேலை என்பது அண்ணாச்சியின் கட்சி. ஷார்ஜாவில், ரோலா வட்டாரத்தில், பத்தொன்பது கோடைகள் வீடு வீடாகத் தண்ணீர் பாட்டில் போட்டவர் அவர். அவர் கையில் ஒரு நாளாவது குடையைப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால், அவர்கள் வேறு யாரையோ பார்த்திருக்கிறார்கள்.

ரோலாவில் கடைக்கு மேல் கடை, ஆளுக்கு மேல் ஆள். அங்கே ஒரு பழைய கட்டடத்தின் நான்காவது மாடியில் நாங்கள் இருந்தோம். அம்மா கிளினிக்கில் நர்ஸ். அப்பாவுக்குக் கடலுக்குள் எண்ணெய்த் தளத்தில் வேலை. மாதம் ஒரு தடவை வந்து தூங்கிவிட்டுப் போவார். சனியும் செவ்வாயும் ஐந்து கேலன் பாட்டிலைத் தோளில் தூக்கிக்கொண்டு அண்ணாச்சி வருவார். சொந்த ஊர் உடன்குடிப் பக்கம். உண்மையான பெயர் என்ன என்று எங்களுக்கு மட்டுமல்ல, கட்டடத்து வாட்ச்மேனுக்கும் தெரியாது.

எந்தக் கட்டடத்தின் நிழல் எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் விழும், எவ்வளவு நேரம் நிற்கும் என்பது அவருக்கு அத்துப்படி. எங்கள் ஊரில் முகவரி சொல்லும் பழக்கம் கிடையாது. இன்ன சூப்பர் மார்க்கெட்டுக்குப் பின்னால், இன்ன கஃபடேரியாவுக்கு எதிரே என்றுதான் சொல்வோம். அண்ணாச்சி அதையும் நிழலை வைத்துத்தான் சொல்வார். புதிதாக வந்த ஒரு மலையாளி டிரைவர் அவரிடம் வழி கேட்டபோது நான் பக்கத்தில் நின்றேன்.

"பாய், காலைல பத்து மணிக்கு அந்த நீல பில்டிங்கு நிழலு ரோட்டுல எங்கன முடியுதோ, அங்கன இருந்து மூணாவது கதவு."

"இப்போ பதினொன்னர ஆயில்லே, சேட்டா?"

"அப்ப நாளைக்கி வா."

ஒரு தடவை எங்கள் தெருவில் ஒரு கட்டடத்துக்கு வெள்ளையடிக்கச் சாரம் கட்டி, பச்சை வலை போட்டு மூடினார்கள். நிழல் நான்கடி அகலமாகிவிட்டது. அண்ணாச்சி அந்தக் கட்டடத்து வாட்ச்மேனுக்கு டீ வாங்கிக் கொடுத்து, கையைப் பிடித்து நன்றி சொன்னார். எதற்கு என்று அந்த மனிதருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. இன்னொரு தடவை, வங்கிக்குப் பக்கத்தில் இருந்த பழைய ஆறு மாடியை இடித்தார்கள். அண்ணாச்சி மூன்று நாள் சவரம் செய்யவில்லை. "மூணு மணி நிழலு போச்சு சிஸ்டர். இனி அந்தப் பக்கம் என்ன மூஞ்சியோட போவேன்?" என்று எங்கள் வாசலில் நின்று கண்கலங்கினார். அம்மா அவருக்கு உப்புக் கரைசல் பாக்கெட் இரண்டு கொடுத்து அனுப்பினாள்.

எனக்கு அப்போது அவரைச் சுத்தமாகப் பிடிக்காது. பள்ளி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது, நடுத்தெருவில் லாரியை மெதுவாக ஓட்டிக்கொண்டு வருவார். "ஏ பிள்ள! வெயிலு பக்கமா போறா பாரு! அந்தப் பக்கம் போ!" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்துவார். கூடப் படித்த பிள்ளைகள் சிரிப்பார்கள். அவமானம் தாங்காமல் வேண்டுமென்றே வெயிலில் நடப்பேன். நான்கு எட்டு வைப்பதற்குள் கால் தானாக நிழலுக்குப் போய்விடும். ரோலாவில் வளர்ந்த கால் அப்படித்தான். மத்தியானம் எங்கள் பஸ் நிறுத்தத்தைப் பார்க்க வேண்டும். எட்டுப் பத்துத் தொழிலாளிகள் ஒருவர் பின் ஒருவராக நூல் பிடித்த மாதிரி நிற்பார்கள். புதிதாக வருகிறவர்கள் என்ன ஒழுக்கம் என்று வியப்பார்கள். ஒழுக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. விளக்குக் கம்பத்தின் நிழல் அவ்வளவுதான் அகலம். நிழல் நகர நகர, வரிசையும் கடிகார முள் மாதிரி நகரும்.

இப்படிப்பட்ட ஊரிலிருந்து நான் ஜெர்மனிக்குப் போனேன். லைப்சிக் நகரத்தில், நகரத் திட்டமிடல் படிப்பு. அம்மாவுக்கு இஷ்டமே இல்லை. "மக்களே, ஒத்தைக்கு அங்க எப்பிடி இருப்ப? எங்க கிளினிக்லயே ரிசப்ஷனுக்கு ஆள் கேக்காங்க" என்று மூன்று மாதம் சொன்னாள். கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள். நான் எங்கே இருக்கிறேன் என்பது இருபத்து நான்கு மணி நேரமும் போனில் தெரிய வேண்டும். லொகேஷனைப் பகிர வேண்டும்.

சரி என்றேன். ஆனால் அம்மாவுக்கு டியூட்டியில் போன் பார்க்க முடியாது. அப்பா இருக்கும் இடத்தில் சிக்னலே கிடையாது. யாரிடம் கொடுக்கலாம் என்று யோசித்தாள். லாரியின் டாஷ்போர்டில் எந்நேரமும் போனை நிறுத்தி வைத்திருக்கிற ஒரே மனிதர் யார்?

விமானம் ஏறும்போதே முடிவு செய்துவிட்டேன். அங்கே முதல் வருடம் தேறி, என் காலில் நான் நிற்கிற அன்றைக்கு முதல் வேலையாக இந்த லொகேஷனை அணைப்பேன். இருபத்து மூன்று வயதுப் பெண்ணைத் தண்ணீர் லாரிக்காரர் கண்காணிப்பதாவது!

போய் இறங்கிய மூன்றாவது நாளே போன் வந்துவிட்டது.

"ஏ பிள்ள, ரொம்ப நேரமா ஒரே எடத்துல நிக்கியே, என்ன சங்கதி?"

"சிக்னல் சிவப்பு, அண்ணாச்சி."

"வண்டி வருதா?"

"ஒண்ணும் வரல."

"பொறவு?"

"யாரும் போகல. பதினாலு பேரு நிக்கோம்."

"நிழல்லயா, வெயில்லயா?" என்றார். அதுதான் அவருக்கு முக்கியம்.

லைப்சிக்கின் சாட்டிலைட் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு அண்ணாச்சி என்னை வழிநடத்த ஆரம்பித்தார். ரயில் நிலையத்திலிருந்து நூலகத்துக்கு எந்தச் சுவரை ஒட்டிப் போக வேண்டும், நூலகத்திலிருந்து விடுதிக்கு எந்த மரத்தடி வழி என்று அவர் சொல்லச் சொல்ல, அந்த ஊரை நான் படு வேகமாகக் கற்றுக்கொண்டேன். ஒரே ஒரு சிக்கல். அது நவம்பர் மாதம்.

டிசம்பரும் ஜனவரியும் வந்தன. எனக்கு ஒரு விஷயம் ஆச்சரியமாக இருந்தது. தெருவின் ஒரு பக்கத்தில் ஊரே இடித்துப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. எதிர்ப்பக்கம் காலியாகக் கிடக்கிறது. என்ன மடத்தனம் என்று நினைத்துக்கொண்டு நான் மட்டும் காலிப் பக்கத்தில் ராணி மாதிரி நடந்தேன். மூக்கு மரத்தது. விரல் மரத்தது. ஒரு நாள் சக்கரப் பை இழுத்துக்கொண்டு வந்த ஒரு வயதான அம்மாள், எதிர்ப்பக்கத்திலிருந்து தெருவைக் கடந்து வந்தார். ஒன்றும் பேசாமல் என் ஸ்வெட்டர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வெயிலில் நிறுத்திவிட்டு, தன் பையை இழுத்துக்கொண்டு போய்விட்டார். அப்போதுதான் புரிந்தது. மைனஸ் ஆறு டிகிரியில் நான் இரண்டு மாதமாக நிழல் தேடி நடந்திருக்கிறேன்.

அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"அவிய தேடிப் போயி வெயில்ல நடக்காவளா? படிச்ச சனமா அது?"

"குளிருது அண்ணாச்சி."

"மத்தியானம் பன்னெண்டு மணிக்கு அம்புட்டு நீட்டு நிழலு விழுது. நீ அனுப்புன போட்டோவுல பாத்தேன்லா. சொர்க்கம் பிள்ள அது! அதுல இருந்துக்கிட்டு வெயிலத் தேடுதானுவ பாரு."

உண்மையிலேயே தேடினார்கள். மார்ச் மாதம் முதல் நல்ல வெயில் அடித்த அன்று, பூங்காவில் இருந்த அத்தனை பெஞ்சிலும் ஆட்கள் கண்ணை மூடி, முகத்தை வானத்துக்குக் காட்டி அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஏதோ ஜெபம் நடக்கிறது என்று நினைத்து நானும் பையை இறக்கி வைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றேன். ஆமென் சொல்வார்கள் என்று பத்து நிமிடம் காத்திருந்தேன்.

இனிமேல்தான் வினை. எங்கள் பேராசிரியைக்குக் கொண்டையில் எப்போதும் இரண்டு பென்சில் செருகியிருக்கும். அதனால் அவர் எனக்குப் பென்சில் அம்மா. முதல் செமஸ்டருக்கு அவர் கொடுத்த வேலை இது: நகரத்தை நடந்து பார், நீ பார்த்த நகரத்தை ஒரு வரைபடமாக வரை. ஒருவன் சைக்கிள் பாதைகளை வரைந்தான். ஒருத்தி தெருச் சத்தங்களை வரைந்தாள். நான் யோசிக்கவே இல்லை. எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு எங்கே நிழல் விழும் என்று பெரிய தாளில் நுணுக்கி நுணுக்கி வரைந்து, நேர வாரியாகக் கோடு போட்டுக் கொண்டுபோய் வைத்தேன்.

பென்சில் அம்மா அதை வெகுநேரம் பார்த்தார்.

"வேலை சுத்தமாக இருக்கிறது. ஆனால் இது லைப்சிக் இல்லை. உன் ஊரைக் கொண்டுவந்து எங்கள் ஊர் மேல் ஒட்டியிருக்கிறாய். இங்கே நிழல் யாருக்கும் தேவையில்லை. எங்களுக்கு வெளிச்சம்தான் பஞ்சம்."

ஃபெயில். ஜூலையில் இன்னொரு வாய்ப்பு உண்டு. அதிலும் தேறாவிட்டால் படிப்பு முடிந்தது. படிப்பு முடிந்தால் விசாவும் முடிந்தது. நேராக ஷார்ஜா, கிளினிக் ரிசப்ஷன்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. முதல் நாள் வகுப்பில் எந்த ஊர் என்று கேட்டபோது ஷார்ஜா என்றேன். "ஆனால் நீ இந்தியப் பெண்தானே?" என்றார்கள். அங்கிருந்த இந்திய மாணவர்களோ, "ஓ, கல்ஃப் பிள்ளையா?" என்று சாக்லேட் டப்பாவைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். ஷார்ஜாவில் இருக்கவோ இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விசா முத்திரை வேண்டும். ஆக எனக்கு ஒரு ஊர் இருக்கிறது என்று முதன்முதலாக ஒப்புக்கொண்டவர் பென்சில் அம்மாதான். அதையும் ஒரு குற்றமாகச் சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"பேசாம டீச்சர் சொன்ன மாதிரி மாத்தி வரைஞ்சு குடு மக்களே. இல்லன்னா வந்துரு" என்றாள் அம்மா. அண்ணாச்சியிடம் ஆறுதல் கிடைக்கும் என்று போன் செய்தேன். அவர் கேட்டதோ வேறு.

"நம்ம நிழல வேண்டாம்னுட்டாளா?"

"ஆமா அண்ணாச்சி."

"யாருக்கும் தேவையில்லன்னா சொன்னா?"

"அப்படித்தான் சொன்னாங்க."

லாரியை ஓரங்கட்டுகிற சத்தம் கேட்டது. இத்தனை வருடத்தில் அவர் எனக்காக லாரியை நிறுத்தியது அதுதான் முதல் தடவை. "இந்தா பாரு. அதுல ஒரு கோடு அழிக்கப்பிடாது. அதே படத்தத் திரும்பக் குடு. ஒரு கோட்ட அழிச்சேன்னு வையி, எங்கிட்டப் பேசாத."

"ஃபெயிலாயிருவேன் அண்ணாச்சி!"

"ஃபெயிலானா ரோலாவுக்கு வா. நிழல வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டுப் பாஸாயி என்னத்துக்கு?"

பைத்தியக்காரத்தனமான யோசனைதான். எனக்குப் பிடித்திருந்தது. அழிக்க மாட்டேன் என்று முடிவு செய்தேன். அழிக்காததோடு நிற்கவில்லை, கோடைக்கால நிழலையும் சேர்த்து இரண்டு மடங்கு பெரிதாக்கினேன்.

ஜூன் மத்தியிலிருந்து எங்கள் ஊரில் வெளிவேலைக்கு மத்தியானம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று வரைக்கும் கட்டாய ஓய்வு. அந்த நேரத்தில் அண்ணாச்சி லாரியின் நிழலில் சாக்கை விரித்து உட்கார்ந்து எனக்கு வீடியோ கால் போடுவார். எனக்கு அப்போது காலை பத்தரை. நான் நடப்பேன், அவர் பார்ப்பார். "அந்தச் சர்ச்சு கோபுரத்தக் காட்டு. அது எம்புட்டு உயரம்? சரி, நேத்து இந்நேரம் நிழலு அந்தக் குப்பைத்தொட்டி வரைக்கும் வந்துச்சுல்லா, இன்னிக்கு எங்கன நிக்கு?" என்று கேட்டுக் குறித்துக்கொள்வார். பாதி நேரம் அவர் சொல்வது தப்பாக இருக்கும். லைப்சிக்கின் சூரியன் ரோலாவின் சூரியன் போல உச்சந்தலைக்கு வராது, சரிந்தே போகும். அண்ணாச்சிக்கு அது பெரிய மனக்குறை. "ஒழுங்கா நடுவுல வந்து அடிக்கத் தெரியல. இதெல்லாம் ஒரு சூரியனா?" என்பார். சண்டை போட்டுச் சண்டை போட்டுத்தான் ஒவ்வொரு புதுக் கோட்டையும் சரிசெய்தோம்.

தேர்வு நாள் வந்தது. எல்லோரும் வெளியே வாருங்கள் என்றார் பென்சில் அம்மா. ஏற்கெனவே தேறியவர்கள் உட்பட ஒவ்வொருவரும் தன் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்பை நகரத்துக்குள் நடத்திப் போக வேண்டும். சந்தைச் சதுக்கத்திலிருந்து எங்கள் கட்டடம் வரைக்கும் என்பது என் பங்கு.

அன்றைக்கு முப்பத்தெட்டு டிகிரி. நான் ஒன்றும் செய்யவில்லை. தானாகவே அப்படி அமைந்தது. ஜெர்மன் வீடுகளில் ஏசி கிடையாது, பெரும்பாலான கடைகளில் கிடையாது, ஏன், ஜனங்களுக்கு அதைப் பற்றிய எண்ணமே கிடையாது. எனக்கு முன்னால் சைக்கிள்காரன் எங்களைத் திறந்த சதுக்கத்தில் நிறுத்தி அரை மணி நேரம் பேசினான். பதினோரு மாணவர்களும் தக்காளி நிறத்துக்கு வந்துவிட்டார்கள். பென்சில் அம்மா தொப்பிகூட இல்லாமல், அசராமல் நின்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். என் முறை வந்தபோது மணி பன்னிரண்டு முப்பத்தைந்து. ஷார்ஜாவில் இரண்டு முப்பத்தைந்து. மூன்று மணிக்கு அண்ணாச்சி லோடு ஏற்ற வேண்டும்.

"என் நடையில் யாரும் வெயிலில் நிற்க மாட்டீர்கள். குறுக்கே நடக்கும்போது படலாம். ஆனால் ஒரு விநாடிகூட நிற்க வேண்டியிருக்காது. அப்படி நின்றால் எனக்கு மதிப்பெண் வேண்டாம்" என்றேன். வாய்க்கொழுப்புதான். நான்கு மாதமாக அடக்கி வைத்திருந்தது.

போனை உயர்த்திப் பிடித்தேன். திரையில் அண்ணாச்சி, பின்னால் லாரியின் சக்கரம்.

"யல்லா!" என்றார். கிளம்பு என்று அர்த்தமாகும் அந்த அரபுச் சொல் மட்டும் எல்லோருக்கும் புரிந்தது. ஜெர்மன் பிள்ளைகள் வாயிலும் இப்போது அது புழங்குகிறது.

சதுக்கத்திலிருந்து ஒரு வளைவுக்குள் நுழைந்து, அதன் பின்வாசல் வழியாகச் சுவர் ஓரமாக வந்து, சர்ச் நிழலைப் பிடித்து, அங்கிருந்து மரத்தடிக்கு. "ஒட்டி நட, ஒட்டி நட. அந்த நெட்டப்பயல உள்ள வரச் சொல்லு, தோளு வெளிய தெரியுது" என்று ஷார்ஜாவிலிருந்து உத்தரவு வந்துகொண்டே இருந்தது. நான் மொழிபெயர்த்தேன். நெட்டப்பயல் தோளைச் சுருக்கினான். எறும்பு வரிசை போல ஒரு வகுப்பே சுவரோடு ஒட்டிப் போயிற்று. யாருக்கும் வியர்க்கவில்லை. பின்னால் யாரோ "அட" என்று ஜெர்மனில் சொன்னது கேட்டது.

அடுத்தது வட்டச்சாலையைக் கடக்கிற இடம். ஆறு வழித்தடம், நடுவில் டிராம். அந்த முனையில் ஒரு கட்டடத்துக்குச் சாரம் கட்டிப் பச்சை வலை போட்டிருந்தார்கள். சிவப்பு விழுந்தால் அந்த வலையின் நிழலில் நிற்பது என்று திட்டம். ஒரு மாதமாக அங்கேதான் நின்று பார்த்திருக்கிறோம்.

முனை திரும்பினேன். வலையைக் காணோம். சாரத்தையும் காணோம். காலையில்தான் அவிழ்த்திருக்கிறார்கள் போலிருக்கிறது. புத்தம்புது வெள்ளைச் சுவர் வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. சிக்னல் சிவப்பு. வண்டி ஒன்றுகூட வரவில்லை. ஆனால் ஜெர்மன்காரர்கள் சிவப்பில் தெருவைக் கடக்க மாட்டார்கள். உயிரே போனாலும் மாட்டார்கள்.

"அண்ணாச்சி, வலைய அவுத்துட்டாங்க."

"அவுத்துட்டானுவளா?" சாவுச் செய்தி கேட்ட குரல். எனக்கு ரிசப்ஷன் மேஜை கண்ணில் தெரிந்தது. அதன் மேல் இருக்கப்போகிற பிளாஸ்டிக் பூச்சாடிகூடத் தெரிந்தது. பின்னால் பன்னிரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள்.

"ஏ பிள்ள," என்றார் அண்ணாச்சி. "கம்பம் இருக்கா?"

இருந்தது. சிக்னலுக்குக் கொஞ்சம் முன்னால், உயரமான ஒரு விளக்குக் கம்பம். அதன் நிழல் நடைபாதையில் ஒரு கோடாகக் கிடந்தது. திரும்பி நின்று கையை நீட்டினேன்.

"இந்தக் கோட்டில் வரிசையாக நில்லுங்கள். ஒருவர் பின் ஒருவர். நெருக்கமாக!"

அவர்கள் என்னைப் பார்த்தார்கள், கோட்டைப் பார்த்தார்கள். நெட்டப்பயல்தான் முதலில் போய் நின்றான். அவனுக்குப் பின்னால் ஒவ்வொருவராக. ஒரு நிமிடத்தில் ரோலா பஸ் நிறுத்தம் லைப்சிக்குக்கு வந்துவிட்டது. பென்சில் அம்மா மட்டும் வரவில்லை. குறிப்பேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, முகம் சிவந்து, வெயிலிலேயே நின்றார்.

"அந்தப் பென்சில் குத்துன அம்மா ஏன் வெயில்ல நிக்கா?"

"அவங்கதான் அண்ணாச்சி என்னை ஃபெயிலாக்குனவங்க."

நிற்கட்டும் என்று சொல்வார் என்றுதான் நினைத்தேன். நிற்கட்டும் என்பதுதான் என் எண்ணமும்.

"அதுக்கு? தலை சுத்தி விழுந்துருவா பிள்ள. உள்ள வரச் சொல்லு. எல்லாரையும் ஒருக்களிச்சு நிக்கச் சொல்லு, எடம் வரும்."

சொன்னேன். எல்லோரும் ஒருக்களித்தார்கள். இடம் வந்தது. பென்சில் அம்மா போனில் தெரிந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வந்து வரிசையில் நின்றார். பின்னால் இருப்பவளுக்குக் குத்திவிடக் கூடாது என்று கொண்டையிலிருந்து இரண்டு பென்சிலையும் உருவிக் கையில் வைத்துக்கொண்டார். ஒரு விளக்குக் கம்பத்தின் நிழலில் பதின்மூன்று பேர்.

பச்சை விழுந்தது. ஒருவரும் நகரவில்லை.

"யல்லா, யல்லா! எனக்கு லோடு ஏத்தணும்!" என்று ஷார்ஜா கத்திய பிறகுதான் நகர்ந்தார்கள்.

கட்டடத்துக்குள் போய்த் தண்ணீர் குடித்த பிறகு பென்சில் அம்மா என் வரைபடத்தை விரித்தார். "நான் அரை நிமிடம் வெயிலில் நின்றேன்" என்றார்.

"அது உங்கள் விருப்பம். இடம் இருந்தது" என்றேன்.

"பழைய படத்தில் ஒரு கோட்டையும் அழிக்கவில்லை, இல்லையா?"

"இல்லை."

அவர் சிரித்தார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தேறினேன் என்று எழுதினார். வழக்கமான மதிப்பெண்ணைவிடக் கொஞ்சம் கூடவே போட்டார். ஒரே ஒரு குறை: உதவிய ஆளின் பெயர் படத்தில் இருக்க வேண்டும், அது விதி என்றார். அண்ணாச்சியைக் கேட்டேன். தர மறுத்துவிட்டார். "பேரு எழுதுன பேப்பருக்கெல்லாம் பொறவு பதில் சொல்லணும் பிள்ள. வேண்டாம்" என்றார். எவ்வளவு கெஞ்சியும் மசியவில்லை. கடைசியில் வரைபடத்தின் மூலையில் தமிழிலும் ஜெர்மனிலும் "நிழல் அண்ணாச்சி, ரோலா" என்று எழுதினேன். அந்தப் படம் இன்றைக்கும் எங்கள் துறையின் தாழ்வாரத்தில் மாட்டியிருக்கிறது. வெயில் காலத்தில் ஜனங்கள் அதை போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

தேறிய செய்தியை அவருக்குச் சொன்னபோது சந்தோஷப்படுவார், சூரியனை நாலு வார்த்தை திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அப்ப இனிமே நீ இங்கன வரமாட்ட."

"லீவுக்கு வருவேன் அண்ணாச்சி."

"லீவுக்கு எல்லாரும்தான் வருவாவ" என்றார். "சரி, வச்சிருதேன். பாட்டிலு போடணும்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் ஃபெயிலானால் ரோலாவுக்குத் திரும்பியிருப்பேன். பாஸானால் திரும்ப மாட்டேன். அது தெரிந்துதான் அந்த மனிதர் ஒன்றரை மாதம் லாரி நிழலில் உட்கார்ந்து எனக்காகக் கோடு சரிபார்த்திருக்கிறார்.

அன்று மாலை, சபதப்படி லொகேஷனை அணைக்கலாம் என்று போனை எடுத்தேன். அதற்கு முன் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்வோம் என்று அழைத்தேன். அம்மா சிரித்தாள்.

"அதையா? நீ போன ரெண்டு மாசத்துலயே எனக்குப் பயம் போயிட்டு மக்களே. இனி பாக்க வேண்டாம் அண்ணாச்சின்னு அப்பவே சொல்லிட்டேன். அவருதான், இருக்கட்டும் சிஸ்டர், எனக்கும் ஒரு ஊரு பாத்த மாதிரி இருக்கும்னாரு."

பத்தொன்பது கோடையில் அவர் உடன்குடிக்கும் ரோலாவுக்கும் நடுவில் விமானத்தைத் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் யோசித்ததில்லை.

நான் இப்போது லைப்சிக்கிலேயே வேலை பார்க்கிறேன். நிழல் பக்கம்தான் நடக்கிறேன், ஜனவரியிலும். பார்க்கிறவர்கள் சிரிக்கட்டும். கையைப் பிடித்து இழுக்க வருகிற அம்மாள்களிடம் நன்றி சொல்லிவிட்டுத் திரும்ப வந்துவிடுகிறேன். லொகேஷனை இன்னும் அணைக்கவில்லை. சனிக்கிழமைகளில், அண்ணாச்சி சாப்பாட்டுக்கு லாரியை நிறுத்துகிற நேரம் பார்த்து, எனக்கு ஒரு வேலையும் இல்லாத தெருக்களுக்குப் போய்வருகிறேன். அவர் பார்க்காத தெருக்கள் இந்த ஊரில் இன்னும் நிறைய இருக்கின்றன.